பதினேழாம் பக்கத்து வாச்மேன்

சன்னாசி வைத்திருந்த பாக்கி ஒரு கருத்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்றே ஒன்று. ஒன்பது மாதம் தவணை கொடுத்துப் பார்த்துவிட்டு, சித்திரையில் மஞ்சள் அட்டை அனுப்பிவிட்டார்கள்.

'பதினாலாம் நம்பர் கிட்டங்கி என்னும் மர்ம நாவலை எடுத்துச் சென்ற 423 பேரில் 422 பேர் கருத்துக் கட்டிவிட்டனர். நன்றாக இருக்கிறது என்று 211. நன்றாக இல்லை என்று 211. தங்கள் பாக்கி வராததால் ஊர் பாதியில் நிற்கிறது.'

ஊர் அப்படித்தான் நின்றது. வாடகை நூல் நிலையத்துப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைப்பார்கள். சூப்பர் என்பார்கள். அறுவை என்பார்கள். ஏமாந்துவிடாதீர்கள் என்று அடிக்கோடு போடுவார்கள். இந்த நாவலில் கடைசிப் பக்கம் நிரம்பி, அட்டை நிரம்பி, எழுத்து தெருவுக்கு இறங்கிவிட்டது. தெருவின் இடது பக்க வீடுகள் நன்றாக இருக்கிறது. வலது பக்க வீடுகள் நன்றாக இல்லை. டவுன் பஸ்ஸில் முன்வாசலில் ஏறினவர்கள், கடைசி வரி வரைக்கும் மூச்சு விட முடியவில்லை என்றார்கள். பின்வாசலில் ஏறினவர்கள், கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துபோச்சு என்றார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் படிப்புப் போடுகிற இடத்தில் கருத்தைப் போட்டார்கள்.

சன்னாசி பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வயது ஐம்பத்தொன்று. மண்டியில் மூட்டைகளையும் பிரித்துவிட்டார்கள். துவரை தூக்குகிறவர்கள் நன்றாக இருக்கிறது. உளுந்து தூக்குகிறவர்கள் நன்றாக இல்லை. சன்னாசிக்கு மூட்டை இல்லை. மேஸ்திரி அவருடைய மூட்டைக் கொக்கியை வாங்கி ஆணியில் மாட்டி, ஆணிக்குப் பூட்டுப் போட்டார்.

"ரசீதக் கொண்டா, கொக்கியக் கொண்டுபோ" என்றார்.

கூட மூட்டை தூக்கும் கொம்பையா அவரை ஓரமாகக் கூப்பிட்டான். கொம்பையா உளுந்து.

"என்னண்ணே, படிச்சு முடிச்சிட்டேன்னுதான சொன்ன?"

"முடிச்சிட்டேன்டா. எப்பவோ."

"பெறகு கட்ட வேண்டியதுதான? கடைசில அந்த டாக்டரம்மா வந்து கதவத் தட்டும் பாரு. அது எப்படி இருந்துச்சு உனக்கு?"

"ஆமாமா. நான் எதிர்பார்க்கவே இல்ல."

கொம்பையா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதுல டாக்டரம்மாவே கிடையாதுண்ணே" என்றான். பிறகு அவருக்குப் பதிலாக அவனே தரையைப் பார்த்துக்கொண்டான்.

சன்னாசி படித்திருந்தது பதினேழாம் பக்கம் வரை. அதுவும் முழுதாக இல்லை. நாற்பத்தாறாம் வயதில், சங்க ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துப் படித்தவர் அவர். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். நூல் நிலையத்தில் அத்தனை புத்தகத்தில் இதை எடுத்ததற்குக் காரணம், அட்டையில், குடோனுக்கு மண்டியில் சொல்கிற கிட்டங்கி என்ற பேர் போட்டிருந்தது. அந்தச் சொல்லுக்குள் அவர் முப்பது வருஷமாக மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எழுத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினேழாம் பக்கத்தின் அடியில் இப்படி இருந்தது: 'பின்னால் காலடி கேட்டுக் காவலாளி திரும்புவதற்குள் அந்தக் கத்தி'

சன்னாசி அந்த இடத்தில் விரலை வைத்தார். கத்தி என்று இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். கத்திதான். புத்தகத்தை மூடிவிட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். ஒரு கையில் டார்ச் லைட். இன்னொரு கையில் தூக்குச் சட்டி. அவர் கழுத்து பின்பக்கமாகப் பாதி திரும்பி இருந்தது. திரும்பிக்கொண்டிருந்தபோது சன்னாசி படிப்பதை நிறுத்திவிட்டதால் அப்படியே நின்றுவிட்டதாம். சன்னாசியின் மனைவி பேச்சி யாரென்று கேட்கவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.

ஒன்பது மாதமாக அவர் அந்த வீட்டில் இருந்தார். பட்டப்பகலிலும் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரி தீரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செருப்புகளைக் காவல் காத்தார். பேச்சிக்கு மாவு அரைத்துக் கொடுத்தார். கழுத்து அந்தப் பக்கமாக இருப்பதால் மாவு கொஞ்சம் சிந்தும்.

"நேரா பாத்து ஆட்டுங்கண்ணே" என்பாள் பேச்சி.

"முடியலம்மா. பின்னால யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு."

"யாரும் இல்ல. நான்தான் இருக்கேன்."

"அப்படியா" என்பார். ஆனாலும் நம்பமாட்டார்.

மஞ்சள் அட்டை வந்த அன்று பேச்சி புத்தகத்தை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி. எனக்கு வேலை போச்சு."

"போகட்டும்."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நீ அதத் தொறந்த, இந்த மனுசன் செத்தாரு. பொய்யா ஒரு கருத்தச் சொல்லிட்டு வா. நல்லாருக்குன்னு சொன்னா வாய் சுட்டிருமா?"

"கருத்துக் கட்டுற ஆபீஸ்ல படிச்சது வரைக்கும்தான் நடக்க முடியுமாம்."

பேச்சி இறங்கினாள். புத்தகத்தை எடுத்து அரிசியைத் தட்டிக் கொடுத்தாள். சன்னாசியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

வாச்மேன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நானும் வாரேன். ஆபீஸ்னா கூட ஒரு ஆள் இருக்கது நல்லது" என்றார். வழியில் சாப்பிடத் தூக்குச் சட்டியில் பேச்சி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். இரண்டு ஆளுக்குப் போகிற அளவு.

வாசகர் கருத்து வசூல் அலுவலகம் ஒரே நீளமான நடைகூடம்தான். வேறு அறை இல்லை. தரையில் கல் பதித்து, ஒவ்வொரு கல்லிலும் ஒரு எண் எழுதியிருந்தார்கள். ஒன்றில் தொடங்கி முந்நூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது. அங்கே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மாள். இந்த வாசலிலிருந்து பார்த்தால் அவர் ஒரு பொத்தான் அளவு தெரிந்தார். எத்தனை பக்கம் படித்திருக்கிறீர்களோ அத்தனை கல் நடக்கலாம். அதற்கு மேல் கால் வராது.

ஊரில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தார்கள். கட்டிவிட்டவர்கள்தான். கடைசிக் கருத்து எந்தப் பக்கம் விழும் என்று பார்க்க வந்தவர்கள். இடது சுவரோரம் நன்றாக இருக்கிறது. வலது சுவரோரம் நன்றாக இல்லை. கொம்பையா வலது பக்கம் நின்றான். வணக்கம் சொல்லக் கையைத் தூக்கிவிட்டுப் பாதியில் தலையைச் சொறிந்தான்.

சன்னாசி நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, தூரம் போகிற ஆள் மாதிரிதான் நடந்தார். பதினேழாம் கல்லில் கால் நின்றுவிட்டது. முன்னால் போன வாச்மேனும் அதே கல்லில் நின்றார்.

எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி கல்லைப் பார்த்தார்கள். இடது பக்கத்தில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பதினேழு" என்றாள். காதில்தான் சொன்னாள். அது நடை முழுக்கக் கேட்டது. சன்னாசிக்குக் காது மடல் சுட்டது. தலைத்துண்டை எடுத்து, அந்த எண்ணை மறைக்கிற மாதிரி காலடியில் போட்டார். துண்டின் மேல் பதினேழு என்று தெரிந்தது.

"கூட வந்திருக்கது யாரு?" என்று இடது பக்கத்தில் ஒருவர் கேட்டார்.

"பதினேழாம் பக்கத்து வாச்மேன்" என்றார் சன்னாசி.

"அப்படி ஒருத்தர் வாராரா?"

"வாராரே. ஆரம்பமே அதான. அந்தச் சாவுதான் கதையத் தூக்கி நிறுத்துது. சும்மா விர்ருன்னு போகும்."

"என்னத்த விர்ருன்னு?" என்றது வலது பக்கம். "ஒரு வாச்மேன் சாகுறதுக்கு அரைப் பக்கம். இழுவை. ரெண்டு வரில முடிச்சிருக்கணும்."

"அரைப் பக்கம் வேணும்யா. அப்பதான் பயம் வரும்."

"பேரே இல்லாத ஆளுக்கு என்னய்யா பயம்?"

சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. வாச்மேன் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் திரும்புவது சிரமம் என்பதால் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, நான் கடைசில மறுபடி வாரேனா?"

ஒருவருக்கும் நினைவில்லை. அதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது.

தூரத்து மேஜையிலிருந்து அந்த அம்மாளின் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. "சன்னாசி. பாக்கி ஒன்று. நடங்க."

"கால் வரலைங்க மேடம்."

"படிச்சிட்டு நடங்க. எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்."

சன்னாசி வாச்மேனைப் பார்த்தார். வாச்மேன், "என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதுய்யா. சத்தம் கேட்டுச்சு, அம்புட்டுத்தான் தெரியும்" என்றார். "நீங்க படிக்கலைன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல. பேச்சியம்மா சோறு நல்லாருக்கு."

அப்போதே திரும்பிவிடலாம். வாசல் பதினேழு கல் தூரம்தான். திரும்பி நடந்தால் இத்தனை பேர் முகத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். பதினாறு, பதினைந்து, பதினான்கு என்று ஒவ்வொரு கல்லாக. சன்னாசி அதை நினைத்துப் பார்த்தார். நூறு கிலோ மூட்டையோடு மாடி ஏறியிருக்கிறார். அதைவிட அது ஏறமுடியாததாக இருந்தது.

அவர் புத்தகத்தைத் திறந்தார்.

இன்னும் இரண்டே சொல். விரலை வைத்தார். மனதுக்குள் படிக்க அவருக்கு வராது. வாய்விட்டுத்தான் படிக்க முடியும்.

"மு" என்றார்.

வாச்மேன் சட்டைப் பொத்தானைச் சரி செய்தார்.

"து. கி. ல். முதுகில்."

"மெதுவாப் படிங்க, அவசரமில்ல" என்றார் வாச்மேன்.

"இ. ற."

வாச்மேன் தூக்குச் சட்டியைத் தரையில் வைத்தார். புளிச்சோறு கவிழாமல் வைத்தார்.

அடுத்த எழுத்து சன்னாசிக்குப் பிடிபடவில்லை. உண்மையாகவே பிடிபடவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. நெற்றி வேர்வை தாளில் விழுந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடம் போயிற்று. யாரோ பெருமூச்சு விட்டார்கள். நன்றாக இருக்கிறது பக்கத்துப் பெண் பொறுக்க முடியாமல் உதவி செய்தாள்.

"ங். 'இறங்'. மேல சொல்லுங்கண்ணே, வந்துரும்."

"இறங்" என்றார் சன்னாசி. "கி. ய. து."

வாச்மேனின் கழுத்து முழுதாகத் திரும்பியது. ஒன்பது மாதமாகத் திரும்ப வேண்டிய கழுத்து. அவருக்குப் பின்னால் சன்னாசிதான் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அட, நீங்களா" என்றார் வாச்மேன்.

பிறகு பதினேழாம் கல்லில் படுத்துவிட்டார். டார்ச் அணைந்தது.

சன்னாசியின் கால் வந்தது. பதினெட்டாம் கல்லில் வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டில் இருந்த மேஜை இப்போது அங்கேயே இருந்தது. அம்மாளும் அங்கேயே இருந்தார். மேஜையில் ஒரு லெட்ஜர், ஒரு ரப்பர் ஸ்டாம்பு, பாதி கடித்த வெள்ளரிப் பிஞ்சு.

"மிச்சம் நிறைய இருக்குங்களே" என்றார் சன்னாசி.

"ஒரு சாவு தாண்டினாப் போதும். வாசகர்தான். சொல்லுங்க, நல்லாருக்கா, நல்லால்லையா?"

இரண்டு சுவரும் அவரைப் பார்த்து ஒரு அடி நகர்ந்து வந்தன. சன்னாசியிடம் சொல்ல ஒன்று இருந்தது. அந்த ஆளுக்குப் பேர் வைத்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தார். அதற்கு லெட்ஜரில் கட்டம் இல்லை. பஸ்ஸில் முன்வாசலில் கேட்ட சொல் ஒன்று வாய்க்கு வந்தது.

"விறுவிறுப்பா இருக்கு" என்றார்.

இடது பக்கம் விசில் அடித்தது. வலது பக்கம் தலையில் அடித்துக்கொண்டது. கொம்பையா, "போண்ணே" என்றான். 212 என்று அம்மாள் எழுதினார். வெளியே தெருவின் வலது பக்க வீடுகள் இடது பக்கம் போகிற சத்தம் கேட்டது. கூட்டம் வாசலுக்கு ஓடியது. பதினேழாம் கல்லில் படுத்திருந்தவரை யாரும் மிதிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகத் தாண்டித்தான் போனார்கள்.

அம்மாள் ரசீதைக் கிழித்து, பேனாவை ஒரு கையிலும் மைப்பெட்டியை ஒரு கையிலும் நீட்டினார்.

"கையெழுத்தா, ரேகையா?"

சன்னாசி பேனாவைப் பார்த்தார். பதினேழாம் கல்லைத் திரும்பிப் பார்த்தார். தன் பெயரை மூன்று மாதம் எழுதிப் பழகியவர் அவர்.

இடது கைக் கட்டைவிரலை மையில் அழுத்தினார்.

"படிக்கத் தெரியாதா?" என்று அம்மாள் கேட்டார்.

"தெரியாதுங்க மேடம்."

அதையும் லெட்ஜரில் குறித்துக்கொண்டார். ரசீதின் மேல் ஸ்டாம்பு விழுந்தது. பாக்கி இல்லை.