சம்பந்தியின் பெயர்

பள்ளிக்கூடச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகளுக்குக் கால் முறிந்த அன்று மதியம், அவள் எழுதிய செய்தியில் ஒரே ஒரு பெயரை மட்டும் பத்திரிகை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருந்தார். சுவரைக் கட்டிய ஒப்பந்ததாரரின் பெயர். அவர் அவளுடைய மகளின் மாமனார்.

முப்பத்தொரு வருடமாக உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவள். யார் என்ன தகவல் கொண்டுவந்தாலும் "நேர்ல பாத்தியா?" என்று கேட்பதால் அலுவலகத்தில் ‘நேர்லக்கா’ என்றே பெயர். பிரசவ வலி கண்ட பிறகும் நகராட்சிக் கூட்டச் செய்தியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்று பிறந்தவளைத்தான் அந்த வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"ஒப்பந்ததாரர் ஒருத்தர்னு போட்டுக்கலாம்மா. யாரும் உங்களக் கேக்க மாட்டாங்க," என்றார் ஆசிரியர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"எத்தன பேரோட பேரப் போட்டிருக்கேன் சார். அவங்க வீட்லயும் மருமக இருந்திருப்பா."

காலையில் அந்தச் சுவரின் காரையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாள். ஈர மணல் மாதிரி உதிர்ந்தது. அதன் பொடி இன்னும் நகக்கண்ணில் இருந்தது. பேனாவை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘இவர் இந்தச் செய்தியாளரின் சம்பந்தி.’ ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் மகள் போன் செய்தாள்.

"பொய்யா ஏதாச்சும் எழுதியிருக்கேனாடி?"

"அதக் கேக்கலம்மா. நான் இந்த வீட்லதானே இருக்கணும்?"

அவள் போனை வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, குறிப்பேட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்து ஏறி நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனாள்.

மகள்தான் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மாவா வந்தியா, ரிப்போர்ட்டரா வந்தியா?"

"ரெண்டு பேரும்தான். நேத்து நாலு தடவ கூப்பிட்டேன், உங்க மாமனாரு எடுக்கல. அவரு பக்கத்தக் கேக்காம நாளைக்கு வர்ற செய்திய எழுத மாட்டேன்."

உள்ளே பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ செருமினார்கள். "யாரும்மா அது?" என்றது சம்பந்தியின் குரல்.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. வழிவிடவுமில்லை, கதவைச் சாத்தவுமில்லை. தாழ்ப்பாளின் மேலிருந்த அவள் விரல்களைப் பார்த்தபடியே, வெயிலேறிய படியில் நின்று தாய் பேனாவின் மூடியைத் திறந்தாள்.