கேமராவுக்கு முன்னால் எழுந்து நின்றவள்

"வீட்டுல உக்காந்துக்கிட்டு கேமராவப் பாத்து எழுதுறதெல்லாம்—"

"அக்கா, செத்த நேரம் நான் சொல்றத—"

"—ஒரு பரிட்சையாடி? பட்டம்னா மேடையில கூப்பிட்டுக் குடுக்கணும்."

"மேடை ஏறவா நான் படிக்கிறேன்?"

1

இந்த நாலு வரியாகத்தான் கதை எனக்கு வந்தது. காந்திகிராமத்திலிருந்து திண்டுக்கல் வரும் டவுன் பஸ்ஸில், முன் இருக்கையில் அக்காவும் தங்கையும். முகம் பார்க்கவில்லை. பெயர்கள் நான் வைத்தவை: அக்கா சண்முகவள்ளி, தங்கை அறிவுச்செல்வி. பேகம்பூரில் குடியிருக்கட்டும். இறங்குவதற்குள் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வைச் செல்வி ஒரே ஒரு தடவை எழுதலாம். தேறினால் சென்னையில் வேலை. தவறினால் வாயை மூடிக்கொண்டு எம்.எஸ்சி.

(திண்டுக்கல் என்றதும் பூட்டைக் கொண்டுவந்து ஒரு பத்தி எழுதினேன். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

2

'காலை பத்து மணிக்குச் செல்வி அறைக் கதவைச்…' வேண்டாம். கதவைச் சாத்தியது வள்ளி. அதற்கு முன் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"இஷாக் பாய், சாயங்காலம் வரைக்கும் டிவிய மெதுவா வைங்க. புள்ளைக்குப் பரிட்ச."

"வீட்டுலயா பரிட்ச?"

"எனக்கும் புரியல பாய்."

விதிகள் கடுமையானவை. எட்டு மணி நேரம் எங்கிருந்தோ ஒருவர் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, குரல் கேட்கக்கூடாது, சொல்லாமல் எழுந்திருக்கக்கூடாது. கேள்வித்தாள் கிடையாது. தேர்வுக்கென்றே வைத்த, முன்பின் தெரியாத நான்கு கணினிகள். அவற்றின் காவலை உடைத்து உள்ளே நுழைந்து, நுழைந்த வழியை எழுதித் தரவேண்டும்.

3

செல்வியை முதலில் அவசரக்காரியாக எழுதியிருந்தேன். வள்ளியோடு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தபிறகு மாற்றிவிட்டேன்.

மூன்று கணினிகள் திறந்துவிட்டன. நான்காவது அசையவில்லை. உள்ளே நுழைய உரிமையுள்ளவர் யாராக இருக்கும் என்று ஊகித்து, செல்வி ஒவ்வொரு பெயராகக் கொடுக்கிறாள்; அது 'இல்லை' என்கிறது. மறுபடி, மறுபடி. சோறு ஆறிப்போனது. ஒரு பெயருக்கு மட்டும், அதே 'இல்லை', ஒரு இமைப்பொழுது தாமதித்து வந்தது. செல்வியின் விரல்கள் நின்றன. அதே பெயரை இன்னும் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் அது தயங்கியது.

அந்தப் பெயருள்ள ஆள் உள்ளே உண்டு!

(விவரம் கேட்டுத்தான் எழுதுகிறேன். தெரிந்த பெயர் வந்தால் சில இயந்திரங்கள் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும். அதற்கு ஒரு நொடியின் துணுக்கு கூடுதலாகும். வாழ்நாளெல்லாம் மனிதர் பேச்சில் தயக்கத்தைக் கேட்டவள் நான். இரும்புப் பெட்டியின் தயக்கத்தையும் ஒருத்தி கேட்கிறாள் என்பதை எழுதும்போது கை நின்றுவிட்டது.)

ஒரு மணி நேரத்தில் நான்காவதும் வழிவிட்டது; திரை முழுக்க வரிகள் சரிந்தன. செல்வி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன நடந்தது என்று வள்ளிக்குத் தெரியாது. ஆனால் உடம்பு சிலிர்த்தது. கோயில் கதவு திறக்கும்போது நிற்பதுபோல நின்றாள்.

4

பின்கட்டில் மோட்டார் ஓடும் சத்தம் அறைக்குள் கேட்டுவிடுமே என்று அதை நிறுத்த வள்ளி ஓடினாள். அந்த இரண்டு நிமிடத்தில் ஊரிலிருந்து பெரியப்பா முருகேசன் வாசல் ஏறி, அறைக் கதவைத் தள்ளிவிட்டார்.

"ஏத்தா செல்வி! நம்ம மணிமேகலைக்குக் கல்யாணம் வச்சிருக்கு. வாங்கிக்க."

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. செல்வி எழுந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. கேமராவில் அவள் தலை மறைய, இரண்டு கைகளும் நீண்டு தாம்பாளத்தை வாங்கின.

திரையில் கடிகாரம் நின்றது. 'யார் பேசுவது? தேர்வு நிறுத்தப்பட்டுள்ளது. விளக்கம் தரவும்.'

5

முடிவு ஒன்று: பார்த்துக்கொண்டிருந்தவர் மன்னித்து… அவரை எனக்குத் தெரியாது, எப்படி எழுதுவேன்? முடிவு இரண்டு: தேர்வு ரத்து, எம்.எஸ்சி. எழுத மனம் வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். வள்ளி ஓடிவந்தாள். இப்போது வாயைத் திறந்தால் அது இன்னொரு குற்றம் என்று அவளிடம் சொல்லிப்பார்த்தேன். கேட்கவில்லை. தங்கையின் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கேமராவை நேராகப் பார்த்துப் பேசினாள்:

"சார், அவ யாரையும் கேட்டு எழுதல சார். பெரியவங்க பத்திரிகைய நீட்டுனா, உக்காந்துக்கிட்டே எப்பிடி சார் வாங்குறது?"