எண்ணெய் கேன் மூடி

என்னுடைய பிரஷர் வாஷரை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. போனது போல் திரும்பி வராது என்பது என் கட்சி. லேக் கார்டன்ஸில் வங்காளிகள் நடுவே நாங்கள் இருக்கும் இந்த நாலு வீட்டுக் கட்டடத்தில் மழை முடிந்தால் முற்றம், மதில், படி எல்லாம் ஒரே பாசி. வேலைக்காரியைத் தேய்க்கச் சொன்னால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். நான் தேய்த்தால் நான் பிடித்துக்கொள்வேன். அதனால்தான் போன வருஷம் இந்த மெஷினை வாங்கினேன். துப்பாக்கி மாதிரி இருக்கும் அதன் கன்னை அழுத்தினால் போதும், தண்ணீர் பீய்ச்சியடித்துப் பாசி தோலுரிந்து ஓடும். என்ன ஒரு சந்தோஷம் தெரியுமா! கல்யாணமான நாளாக இந்த வீட்டில் நான் சொன்னதை உடனே கேட்கும் ஒரே ஆசாமி அதுதான்.

பராமரிப்பிலும் நான் குறை வைத்ததில்லை. வேலை முடிந்ததும் குழாயை மூடி, கன்னை அழுத்தி, உள்ளே தங்கிய தண்ணீரையெல்லாம் வெளியேற்றுவேன். ஹோஸைக் கழற்றிச் சுருட்டுவேன். கூடவே வந்த ஊசியால் முனைத் துளையைக் குத்திவிடுவேன். ஈரம் போகத் துடைத்துப் பழைய போர்வையால் மூடி வைப்பேன். "எனக்கு ஜுரம் வந்தப்போகூட நீ இப்படிப் போர்த்தி விட்டதில்லை" என்பார் என் கணவர் ஸ்ரீநிவாஸ். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர், என்னைக் கேலி செய்வது தவிர இப்போது வேறு உத்தியோகம் கிடையாது.

நவமியன்று தெருமுனைப் பந்தலில் கொட்டு முழங்கிக்கொண்டிருக்க, எங்கள் கூடத்தில் ஆயுத பூஜை நடந்தது. மிக்ஸி, தையல் மெஷின், இவருடைய லாப்டாப், நடுநாயகமாகப் பிரஷர் வாஷர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. அட்சதையை நான் எப்போதும் கை நிறைய அள்ளித்தான் போடுவேன். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எனக்கு ஆகாது.

"லாப்டாப்புக்குள்ள போயிடப்போறதுடி!" என்று இவர் அதை மட்டும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விஜயதசமி கழிந்த மறுநாள் மாடி வீட்டு மிருணாள்தா எங்கள் வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாய் திறந்து யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். பௌர்ணமியன்று அவர்கள் வீட்டில் லொக்கி பூஜை, அதாவது லக்ஷ்மி பூஜை, வருகிறது, படியெல்லாம் பாசி, மனைவி ஷர்பாணி பௌதிக்கு முட்டிவலி, உட்கார்ந்து தேய்க்க முடியவில்லை, ஒரு நாள் மட்டும் மெஷின் கிடைக்குமா என்று கேட்டார். சாமி பூஜைக்கு என்று கேட்பவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"தண்ணி வராம மட்டும் ஓட்டிடாதீங்க தாதா. பம்ப் போயிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நாங்கள் பேசிக்கொள்வது வங்க மொழியில்தான்; அதில் தாதா என்றால் அண்ணா, பௌதி என்றால் அண்ணி. அவர் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அத்தனையையும் திருப்பிச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்திலேயே மெஷினோடு திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "சத்தம் வருது மாதங்கி, தண்ணி வரலை" என்றார்.

நான் மாட்டிப் பார்த்தேன். மோட்டார் முக்கியது, முனகியது, இரண்டு தடவை துப்பிவிட்டு நின்றது. முனைத் துளையில் ஊசியை விட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்? குழாயைத் திறக்காமல் ஓட்டியிருக்கிறார்! அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். சொல்லியிருந்தால்கூடத் தேவலை, நாலு சுவருக்குள் போயிருக்கும்.

தசமி கழிந்தால் இங்கே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், பெரியவர்களை வணங்கி, இனிப்புக் கொடுத்துக்கொள்வார்கள். மனஸ்தாபம் ஏதும் இருந்தால் அதோடு தீர்ந்தது என்று அர்த்தம். அடுத்த நாள் சாயங்காலம் நாலு வீட்டாரும் அதற்காக முற்றத்தில் கூடினோம். மிருணாள்தா தேங்காய் உருண்டைத் தட்டை ஏந்திக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தார்.

"இனிப்பு இருக்கட்டும் தாதா. குழாயைத் திறக்காமத்தானே ஓட்டினீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"திறந்துதான் இருந்தது மாதங்கி" என்றார் அவர், மெல்ல.

"உலகத்து நதியெல்லாம் எங்கே ஓடுதுன்னு ஊருக்கே சொல்லிக் கொடுத்தீங்க. வீட்டுல ஒரு குழாயைத் திறக்கத் தெரியலையே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, ஆனால் அப்போது பிடித்திருந்தது.

ஷர்பாணி பௌதி முன்னால் வந்தாள். "குழாய்கிட்ட நான்தான் நின்னேன். நான் திறந்தேன்."

"புருஷனுக்கு நீங்க அப்படித்தான் சொல்வீங்க பௌதி" என்றேன். ஸ்ரீநிவாஸ் என் முழங்கையைப் பிடித்தார், உதறினேன். மிருணாள்தாவின் கையில் தட்டு அப்படியே இருந்தது. யாரும் ஓர் உருண்டைகூட எடுக்கவில்லை. "நானே சரி பண்ணிக் கொண்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

லொக்கி பூஜையன்று காலையில் கொண்டு வந்து வைத்தார். "சரியாயிடுச்சு. தப்பு என்னோடதுதான், மனசுல வெச்சுக்காதே" என்றார். தண்ணீர்க் குழாய் மாட்டுகிற வாயில் ஓர் எண்ணெய் கேன் மூடியைக் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. "சும்மா இருக்கும்போது இதை எடுக்காதே. ஏதாவது உள்ளே விழும்." உட்காருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை.

"பார்த்தேளா, அவரே ஒத்துண்டுட்டார்!" என்றேன் இவரிடம்.

முற்றத்துக்கு எடுத்துப் போய் ஓட்டினேன். முன்னைவிட நன்றாகவே ஓடியது. முடித்துவிட்டு வழக்கம்போல் கன்னை அழுத்தித் தண்ணீரை வடித்தேன். ரிப்பேர்காரன் மிருணாள்தாவின் தலையில் எதைக் கட்டினானோ என்று அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு வடிகட்டி வலை. இத்தனை நாள் அதை நான் திறந்து பார்த்ததே இல்லை. ஊசி, துடைப்பு, போர்வை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவளுக்கு அது இருப்பதே தெரியாது. மெஷினைச் சாய்த்துத் தட்டினேன். உள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

ஓர் அரிசி. ஊறிப் பெருத்திருந்தது. மஞ்சள் மட்டும் போகவில்லை.

பகவானே! இந்தக் கட்டடத்தில் மஞ்சள் அரிசியை அள்ளி அள்ளிக் கொட்டுகிறவள் யார்? மூடி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ரிப்பேர் கடையில் வலையிலிருந்து அரிசியும் சாமந்தி இதழுமாக வழித்து எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் என் முன்னால் வந்து தப்பு என்னோடது என்றார். நான் நாற்காலிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஸ்ரீநிவாஸ் என் கையைப் பார்த்தார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "லாப்டாப்பை மட்டும் எடுத்து வெச்சுண்டேனே, அன்னிக்கே உன்னைத் தடுத்திருக்கணும்" என்றார். பிறகு, "அவர்கிட்ட தனியா, மெதுவாச் சொல்லிட்டு வந்துடு" என்றார்.

தனியாக. எனக்கும் அந்த வழிதான் தோன்றியது. சாயங்காலம் அரிசியைக் கைக்குள் மூடிக்கொண்டு மாடியேறினேன். படிதோறும் அரிசிமாவில் லக்ஷ்மியின் பாதம் வரைந்திருந்தது. மூலைகளில் பாசி அப்படியே இருக்க, நடுவில் பிரஷ் இழுத்த கோடுகள் தெரிந்தன. முட்டிவலியோடு பௌதி கையால் தேய்த்திருக்கிறாள். அந்தப் பாதங்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தேன்.

கதவைத் திறந்தது ஷர்பாணி பௌதி. பட்டுப் புடவை, அதற்கு மேல் தைல வாசனை. உள்ளே கட்டடமே உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளங்கையை விரித்து அரிசியைக் காட்டினேன்.

"தெரியும்" என்றாள். "ரிப்பேர்காரன் காட்டினதை இவர் வந்து சொன்னதும் கீழே வந்து உன்னைக் கேக்கக் கிளம்பினேன். சாமி அரிசி, அதை வெச்சு ஒருத்தரைத் தலைகுனிய வைக்கக் கூடாதுன்னு தடுத்துட்டாரு."

"பௌதி, என்னை மன்னிச்சு..."

"அவர் மன்னிச்சாச்சு. பொய் சொல்றேன்னு நீ சொன்னது என்னை." அவள் குரல் உயரவில்லை. கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாள். "அன்னிக்கு இருந்த அத்தனை பேரும் உள்ளே இருக்காங்க. வா."

போனேன். மிருணாள்தா என்னைப் பார்த்ததும், என் கையையும் பார்த்துவிட்டார். அவசரமாக எழுந்து, "வா மாதங்கி, உட்காரு, ஸ்ரீநிவாஸ் எங்கே, கிச்சடி ஆறிடும்" என்று ஒரு தட்டை என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அப்படித்தான் ஆக வேண்டும் என்று அந்த மனிதர் தவித்தார். எனக்கும் ஒரு கணம் கை நீண்டது.

"இருங்க தாதா, சொல்லிடறேன்" என்றேன். "மெஷினை நீங்க கெடுக்கலை. என் வீட்டுப் பூஜை அரிசிதான் அடைச்சிருந்தது. பௌதி குழாயைத் திறந்துதான் வெச்சிருந்தாங்க."

வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சிலர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னவென்று புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கேக்கலை" என்றாள் ஷர்பாணி பௌதி, எனக்குப் பின்னாலிருந்து.

மறுபடியும், முற்றத்தில் அன்றைக்குக் கத்தின அதே குரலில், முதலிலிருந்து சொன்னேன்.