சத்தமில்லாமல் ஏறும் வண்டி

ஜும்ஆ முடிந்து மக்கீன் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நிரஞ்சனி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நானா, வார்டுல ஒருத்தருக்கு டிக்கட் வெட்டிட்டாங்க, வீட்டுக்குப் போகலாமாம். அடுத்த ஆளுக்குக் கட்டில் வேணுமாம். இப்பவே எடுக்கச் சொல்றாங்க."

"எந்த ஊரு?"

"ஹுன்னஸ்கிரிய. தோட்டம். தொடை எலும்பு. படுத்துத்தான் போகணும்."

"சோறு திண்டியா?"

"நீங்க வந்தாத்தானே திங்கிறது. பார்சல் கட்டி வச்சிருக்கேன்."

நல்வழி மன்றத்துக்கு இரண்டு வண்டிகள். மன்றம் கண்டியில் ஒரு சிறிய கிளினிக் நடத்துகிறது. பஸ்ஸில் உட்கார முடியாத நோயாளிகளை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அதன் வேலை. காசு வாங்குவதில்லை. ஒரு வண்டி சிறுநீரக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு தெல்தோட்டைப் பக்கம் போயிருந்தது. மற்றது மக்கீனுடையது. அவன் கெலிஓயாக்காரன். பதினொரு வருடமாக ஓட்டுகிறான். நிரஞ்சனி பின்னால் நோயாளியோடு இருப்பவள்.

வார்டில் அழகமுத்து தயாராகப் படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. தேயிலை மலையில் மரம் வெட்டும்போது கொப்பு விழுந்து தொடை முறிந்தது. தகடு வைத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கியதும் அவர் ஒவ்வொரு கட்டிலுக்கும் கைகூப்பினார். நேர்ஸுகளுக்குக் கைகூப்பினார். தரை துடைக்கிற பெண்ணுக்கும், லிஃப்ட்காரனுக்கும் கைகூப்பினார்.

"ஐயா, கையைப் போர்வைக்குள்ள வைங்க," என்றாள் நிரஞ்சனி. "லிஃப்ட் கதவு அடிச்சா அதுக்கும் தகடு வைக்கணும்."

"அது பெரிய பொண்ணு மாதிரி பேசுது," என்று அவர் லிஃப்ட்காரனிடம் சொன்னார். லிஃப்ட்காரனுக்குத் தமிழ் தெரியாது. அவனும் கைகூப்பினான்.

திகன வரைக்கும் அழகமுத்து பேசிக்கொண்டே வந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சித்தி றலியா தினமும் தனக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்ததைச் சொன்னார். யாரோ முகம் தெரியாத ஆள் கொடுத்த இரத்தம் தன் உடம்பில் ஓடுவதைச் சொன்னார். தெல்தெனியவைத் தாண்டியதும் பேச்சு நின்றது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதற்கு நேர் கீழே அவர் தலை இருந்தது.

"தம்பி, ஒரு உதவி கேக்கலாமுங்களா?"

"சொல்லுங்க அண்ணன்."

"சைரன் போட முடியுங்களா? இப்ப இல்ல. தோட்டத்து ரோட்டுல ஏறுற நேரம்."

மக்கீன் சிரித்தான். "என்ன அண்ணன், மாப்புள ஊர்வலமா?"

"அப்புடி இல்லீங்க. எங்க தோட்டத்துல உசுரோட இருக்கிறவன் லொறியில இறங்குவான், பஸ்ஸுல திரும்பி வருவான். ஆம்புலன்ஸு வந்து ஏத்திக்கிட்டுப் போனாலும் சத்தம் போட்டுக்கிட்டுத்தான் போகும். வெள்ளை வேன் சத்தமில்லாம ஏறி வந்தா அது ஒண்ணுக்குத்தான். ஸ்டோர் வளைவுல வண்டியக் கண்டா போதும். சாவுக்கு மேளம் அடிக்கிற தப்புக்காரன் தப்பை நெருப்புல காட்டத் தொடங்கிருவான்."

"வீட்டுக்குச் சொல்லல்லயா?"

"வார்டுல இருந்தே எடுத்துப் பார்த்தோம் நானா," என்றாள் நிரஞ்சனி. "போகவே இல்ல. அங்க சிக்னல் கோயில் மேட்டுல மட்டுந்தானாம்."

"வீட்டுக்காரி இந்நேரம் மலையில நிப்பா," என்றார் அழகமுத்து. "எனக்குத் துணைக்கு நின்னு நின்னு அவளுக்குச் சம்பளத்துக்குப் பேரு போடுற நாளெல்லாம் போயிருச்சி. போன கிழமைதான் வேலைக்கு எறங்குனா."

"கொஞ்ச நேரந்தானே அண்ணன். வண்டி போய்ச் சேந்தா உண்மை தெரிஞ்சிடுந்தானே."

வண்டி ஒரு வளைவைக் கடந்தது. கீழே நீர்த்தேக்கம் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

"மூணு வருசத்துக்கு முந்தி அப்புடி ஒரு வண்டி வந்துச்சிங்க. அதுல எங்க மவன். பிரதீஸு. காய்ச்சல்னு கண்டிக்குக் கொண்டுபோனது. அவ மலையில நின்னு வண்டியப் பார்த்தா. யாரு பெத்த புள்ளையோ, பாவம்னு பக்கத்துல நின்னவகிட்ட சொல்லிக்கிட்டே எறங்கி வந்தா."

மக்கீன் கியரை மாற்றினான்.

"இன்னொரு தரம் அவ அந்த மலையில இருந்து அப்புடி எறங்கக் கூடாதுங்க. கொஞ்ச நேரத்துக்குக்கூட."

'கொஞ்ச நேரம்' என்று தான் சொன்னது மக்கீனின் காதுக்குள் கிடந்தது.

பிறகு அழகமுத்துவே பேசினார். "அன்னைக்கும் நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்க."

மக்கீன் கண்ணாடியில் பார்த்தான். அவர் முகம் அவனுக்கு நினைவில்லை. மழை நினைவிருந்தது. கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கி வந்த பெண்கள் நினைவில் இருந்தார்கள்.

"எங்க லயத்து வீடுகளுக்கு ரோடு இல்ல. பொட்டியப் படியில தூக்கணும். ஆளு பத்தல்ல. முன்பக்கம் எடது தோளு நீங்க குடுத்தீங்க. உங்க சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சி. எறக்கி வச்சிட்டு, ஒண்ணும் பேசாம படியில எறங்கிப் போனீங்க. எனக்கு அன்னைக்கி வாய் வரல்ல. கையெடுத்துக் கும்பிடக்கூட இல்ல." கண்ணாடியில் இரண்டு கைகள் மேலே வந்து கூடின. "இப்ப கும்பிட்டுக்கிறேன்."

பிழைத்தவர்களைக் கொண்டுபோய் விட்டால் வீட்டார் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வாழைக்குலை கொடுப்பார்கள். முட்டைக்கோவா கொடுப்பார்கள். ஒருமுறை சேவல் கொடுத்தார்கள். உடலைக் கொண்டுபோய் இறக்குகிற வீடுகளில் அவனை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று அவன் நினைத்ததும் இல்லை. வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான். அந்தப் படிகளில் தான் இறங்கியதை ஒருவர் இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்தார் என்பது அவனுக்கு என்னவோ செய்தது.

"ரோடு மோசம்," என்றான். "கம்பியக் கெட்டியாப் புடிங்க அண்ணன்."

சைரன் போட முடியாது. ஆபத்தான நிலையில் நோயாளி உள்ளே இருந்தால் மட்டும்தான் போடலாம் என்பது மன்றத்தின் கட்டளை. மக்கீன் அதை மீறியதில்லை. அதைச் சொன்னான்.

"நெஞ்சு வலிக்குதுன்னு ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டும்," என்றாள் நிரஞ்சனி. "நான் எழுதிக்கிறேன்."

"வேணாம்மா. பொய் சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போக வேணாம்."

"அதோட, சைரன் போட்டா மட்டும் என்ன?" என்றான் மக்கீன். "வழியில ஏதோ ஆயிட்டுது எண்டு இன்னும் பதறுவாங்க."

ஹுன்னஸ்கிரிய சந்தியில் வண்டியை நிறுத்தினான். ஒரு முச்சக்கர வண்டியை முன்னால் அனுப்பலாம் என்பது எண்ணம். தரிப்பிடம் காலியாக இருந்தது. கடைக்காரர் தன் தொலைபேசியில் முயன்று பார்த்து உதட்டைப் பிதுக்கினார். காத்திருக்கலாம். ஆனால் பயணத்தின் குலுக்கலில் அழகமுத்துவின் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. சீக்கிரம் இறக்கிப் படுக்க வைக்க வேண்டும் என்று நிரஞ்சனி கண்ணால் சொன்னாள்.

தோட்டத்து வீதியில் வண்டி ஏறியது. கல்லும் குழியும். ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையின் கூரை தெரிந்தது. அதைச் சுற்றி வளைந்தால் எதிர் மலை முழுக்கத் திறந்து கிடக்கும்.

வளைவில் திரும்பியதும் மக்கீன் பார்த்தான். பச்சைச் சரிவில் வரிசையாகப் பெண்கள். ஒருத்தி நிமிர்ந்தாள். பக்கத்தில் இருந்தவளும் நிமிர்ந்தாள். பிறகு வரிசை முழுக்க நிமிர்ந்தது. கைகள் கொழுந்தை விட்டிருந்தன. ஒருவரும் கூப்பிடவில்லை, கத்தவில்லை. வண்டியையே பார்த்தார்கள்.

அவன் பிரேக்கை மிதித்தான்.

அது ஜப்பானில் ஓடி முடித்துவிட்டு இலங்கைக்கு வந்த வண்டி. சைரன் பெட்டிக்குக் கீழே சுருள் வயரில் ஒரு மைக் தொங்கும். பெரஹரா ஊர்வல நாட்களில் கூட்டத்தை விலக்க மட்டும்தான் மக்கீன் அதை எடுப்பான். மற்ற நாட்களில் அது அவன் தஸ்பீஹ் மணிமாலையைத் தொங்கவிடுகிற கொக்கி. மணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். மைக்கை ஜன்னல் வழியாகப் பின்னால் நீட்டினான்.

"மைக் புடிச்சிப் பழக்கம் ஈக்கா அண்ணன்?"

"கோயில் திருவிழாவுல நாந்தானுங்க அறிவிப்பு. உபயகாரங்க பேரெல்லாம் நாந்தான் வாசிக்கிறது."

"அப்ப வாசிங்க. கறுப்புப் பட்டனை அமத்திக்கொண்டு பேசுங்க."

கூரையில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டு முறை ஊதியது. பிறகு தொண்டையைச் செருமியது.

"அன்பார்ந்த தோட்டப் பொதுமக்களுக்கு."

நிரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேசுறது அழகமுத்து. ஆறாம் லயம் அழகமுத்து. நான் உசுரோட இருக்கேன். திரும்பவும் அறிவிக்கிறோம், நான் உசுரோட இருக்கேன். காலு ஒண்ணுதான் ஒடைஞ்சது, அதுக்கும் தகடு வச்சிட்டாங்க. தப்பை யாராச்சும் எடுத்திருந்தா தயவுசெஞ்சு உள்ள வைக்கவும்."

மலை ஒரு கணம் அசையவில்லை. பிறகு எங்கோ மேலே ஒரு பெண் சிரித்தாள். அது வரிசையில் பரவியது. யாரோ கூடையைத் தட்டினார்கள்.

"எங்க வீட்டுல மலையில நிக்கிறாங்க. பக்கத்துல இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லிருங்க. ஓடி வர வேணாம். வழுக்கும். மெதுவா வரச் சொல்லுங்க."

மக்கீன் வண்டியை நடக்கிற வேகத்தில் எடுத்தான். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்று நினைத்தான். மைக்கைத் திருப்பிக் கேட்கக் கையை ஜன்னலுக்குள் விட்டான். மைக் வரவில்லை.

"கொப்பு விழுந்த அன்னைக்கித் தன்னோட சீலையைக் கிழிச்சு என் காலைக் கட்டின சீதா அவர்களுக்கு எமது நன்றி. லொறியைக் குலுங்காம ஓட்டின ராஜலிங்கம் அவர்களுக்கு நன்றி. ரெண்டு மாசம் எங்க வீட்டு ஆட்டுக்குப் புல்லு வெட்டிப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியாது. அவுங்களுக்கும் நன்றி. கண்டியில எனக்குக் கஞ்சி குடுத்த சித்தி றலியா அம்மா இங்க இல்ல. இருந்தாலும் சொல்லணும். ரத்தம் குடுத்தவரு யாரோ, அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். என்கூட வந்திருக்கிற நிரஞ்சனிப் பொண்ணு ரொம்ப வாய். ஆனா கைராசிக்காரி."

"ஐயா, போதும்," என்றாள் நிரஞ்சனி. அதுவும் மலைக்குக் கேட்டது. மலை சிரித்தது.

"வண்டி ஓட்டிக்கிட்டு வர்றது மக்கீன் தம்பி. ஊரு கெலிஓயா." குரலில் இருந்த திருவிழா போய்விட்டது. "அவரு எங்க வீட்டுக்கு வர்றது இது ரெண்டாவது தரம்."

சிரிப்பு நின்றது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. வீதியோரம் நின்ற ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மக்கீன் நேரே பார்த்து ஓட்டினான். மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பரைப் போட்டுவிட்டு, அதைக் கவனித்து, நிறுத்தினான்.

ஆறாம் லயத்துக்குப் படி ஏறுகிற இடத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மலையில் இருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. சொன்னபடியே மெதுவாக, காலை ஊன்றி ஊன்றி, கூடையோடு இறங்கினாள்.

"அன்னலட்சுமிக்கு வழி விடுங்க," என்றார் கிழவர்.

அவள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த மக்கீனைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் இரண்டு கைகளாலும் அந்த பொனட்டில் அடித்திருந்தாள். இப்போது ஒரு கையை அதன் மேல் வைத்தாள். சூடாக இருந்திருக்கும். எடுக்கவில்லை.

மக்கீன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான். கூட்டம் தள்ளி நின்று இடம் கொடுத்தது. அழகமுத்து தலையைத் தூக்கப் பார்த்தார். நிரஞ்சனி தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். மைக் அவர் நெஞ்சின் மேல் இருந்தது. கறுப்புப் பட்டனில் இருந்து பெருவிரலை எடுக்க அவர் மறந்திருந்தார்.

அன்னலட்சுமி கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஏறினாள். முதலில் காலைப் பார்த்தாள். போர்வையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு குனிந்து முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

அவள் பேசியது மெதுவாகத்தான். ஆனால் அது கூரைப் பெட்டி வழியாக லயங்களுக்கு மேலே, ஸ்டோருக்கு மேலே, எதிர் மலை வரைக்கும் போனது.

"ஊருல உள்ள எல்லாரு பேரையும் சொன்னீங்க. எனக்கு மட்டும் பேரு இல்லையா?"