கழுத்துப் பக்கம்

தோலைப் போட்ட டிரம்மைச் சுற்றவிட்டு, அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள் அவள். போன தடவை செய்த தப்பை இனி செத்தாலும் செய்யமாட்டாள்.

தோல் பதனிடும் கூடத்தில் அவளுக்குச் சோதனைக்கூட வேலை. அவள் வளர்க்கும் பாக்டீரியா ஒரு நொதிச் சாற்றைக் கசியவிடும். முடியின் வேரைப் பிடித்திருக்கும் புரதத்தை அந்த நொதி கரைத்துவிட்டால் முடி தானாகக் கழன்றுவிடும். சுண்ணாம்பும் வேண்டாம், சல்ஃபைடும் வேண்டாம். சல்ஃபைடு குழியில் நின்று நின்றுதான் அவள் புருஷன் இப்படி இருமுகிறான். ஊரைத் திருத்தக் கிளம்பியவளில்லை அவள்; அந்த இருமலைக் கேட்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை, சுண்ணாம்பில் போட்ட பழக்கத்தில், ஊறட்டும் என்று விட்டுவிட்டு அவளும் புருஷனும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சுண்ணாம்பு காத்திருக்கும். இது காத்திருக்குமா? கழுத்து முடி கழல்வதற்குள் மெல்லிய வயிற்றுத் தோலையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து கூடத்தில் அவள் புருஷனுக்குப் பெயரே ‘கொழகொழ மாப்ளே’. முதலாளி இன்னும் ஒரே ஒரு தோல்தான் கொடுத்தார். “இதுவும் போச்சுன்னா, பேசாம அவரப் பழையபடி குழியில எறங்கச் சொல்லும்மா” என்றார்.

டிரம்மை நிறுத்தித் தோலை இழுத்துப் பார்த்தாள். வயிற்றில் முடி விரலோடு வந்தது. கழுத்தில் அசையவே இல்லை.

“இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே,” என்றான் புருஷன். “பாதி முடியோட காட்டினா சிரிக்க மாட்டாங்களா?”

அவளுக்கும் ஆசைதான். அரைகுறை வேலையைக் காட்டி அசிங்கப்பட யாருக்குப் பிடிக்கும்? வயிற்றுப் பக்கம் நகத்தால் அழுத்தினாள். பள்ளம் மெதுவாகத்தான் எழும்பியது. தோல் இளக ஆரம்பித்துவிட்டது.

“தண்ணியத் தொறங்க. கழுவிடலாம்.”

“கழுத்து?”

“கையால சொரண்டிக்கலாம். வயிறு போனா யாரு திருப்பித் தருவா?”

அவன் இருமினான், பிறகு குழாயைத் திறந்தான்.

கழுவிய தோலைச் சாய்த்து வைத்த மரக்கட்டையின்மேல் விரித்துப் போட்டு, அவன் மழுங்கல் கத்தியோடு கழுத்துப் பக்கம் குனிந்தபோது முதலாளி வந்துவிட்டார்.

“என்னம்மா, தாடியோட நிக்குது?”

“அது போயிடும் சார். வயித்தப் பாருங்க.”

அவர் வயிற்றுத் தோலின் ஓரத்தை முஷ்டியில் சுற்றிக்கொண்டு, கிழிப்பதற்கென்றே இழுத்தார். கத்தி நின்றது. தோல் நீண்டு, வெளுத்து, விறைத்தது; கிழியவில்லை. அந்த இழுப்பு போதாதென்று பட்டது அவளுக்கு. மறு ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, காலை ஊன்றி, எதிர்ப்பக்கம் இழுத்தாள்.