அந்தி நேரத்துக் கரி

நிபாரண் சர்கேல் மதியத் தூக்கம் கலைந்ததும் மனைவி பூரபியின் படத்துக் கண்ணாடியைத் துடைப்பார். துணியில் கருப்பு ஒட்டும். அதை வராந்தாவுக்குக் கொண்டுவந்து, கீழே தெருவோரத்தில் பேகுனி என்னும் கத்தரிக்காய் பஜ்ஜி சுடும் பாருலின் தலைக்கு நேராக உதறுவார்.

"பாத்துக்க. எல்லாம் உன் அடுப்பு பண்ற வேலை."

"காக்கு, பேகுனியில விழுது! உப்பு பத்தலைன்னா மட்டும் சொல்லுங்க, இதெல்லாம் வேணாம்."

முப்பத்தோரு வருஷம் கல்கத்தாத் தெருக்களில் டிராம் ஓட்டியவர். மழைக்காலத்தில் பூரபி போய்விட்டாள். அதன் பிறகு அவர் செய்த முதல் பெரிய காரியம், பாருலின் நிலக்கரி அடுப்பை எடுக்கச் சொல்லி வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுத்தது. அடுப்பு போனால் பாருலுக்குக் கடை போச்சு. இது அவருக்கும் தெரியும். ஆனால் பூரபியின் முகத்தில் தினமும் கரி படிவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

முதலில் புகையை அளந்து பார்க்கலாம் என்றார்கள் அலுவலகத்தில். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தனிமா என்ற பெண் வந்து அவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெட்டியை வைத்தாள். அது ஓயாமல் காற்றை இழுத்து, காகிதச் சுருளில் சாம்பல் நிறப் பொட்டுகளாக வைத்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமைதோறும் காலையில் வந்து காகிதத்தை எடுத்துப்போவாள்.

பெட்டி வந்த மூன்றாம் நாள் விஸ்வகர்மா பூஜை. ரிக்‌ஷா, தையல் மிஷின், அச்சகம், எல்லாவற்றுக்கும் மாலை. ஒரு காலத்தில் தன் டிராமுக்குச் சாமந்தி சுற்றியவர், மாடியில் ஓர் இயந்திரம் அநாதையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? பூ வைத்தார், குங்குமம் இட்டார். பூரபியின் மண் தூபக்காலில் தேங்காய் நாரை மூட்டி, சாம்பிராணி தூவி, பெட்டியின் மூக்குக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றினார். பெட்டி 'ம்ம்ம்' என்றது.

"பிடிச்சிருக்கா? அப்ப ஒழுங்கா சாட்சி சொல்லணும், சரியா?"

பூரபி போனதிலிருந்தே தினமும் சூரியன் இறங்கியதும் அவர் தூபம் காட்டுவார்; அன்றிலிருந்து பெட்டிக்கும் சேர்த்து. முதலில் பூரபியின் படத்துக்கு, பிறகு அவள் செய்தது போலவே அறை அறையாக, கடைசியில் பெட்டிக்கு. அவள் இருந்தபோது அவர் இருமுவார். "நீ விரட்டுறது கொசுவையா, என்னையா?" என்பார். "யாரு முதல்ல போறாங்கன்னு பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போவாள்.

நவம்பர் கடைசியில் பேட்டை கிளப்பில் எல்லோரும் கூடினார்கள். கேரம் பலகையை நகர்த்திவிட்டுத் தனிமா கணினியைத் திறந்தாள். திரையில் ஒரு கோடு தினமும் மாலையில் செங்குத்தாக ஏறி இறங்கியது.

நிபாரண் தொடையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல!"

"இருங்க காக்கு. கரிக்கும் வயசு உண்டு. டீசலும் நிலக்கரியும் கோடிக்கணக்கான வருஷக் கிழடுங்க. சாயங்காலப் பொட்டை சோதிச்சுப் பாத்தோம், இது இளசு. போன வருஷம் ஏதோ மரத்துல பச்சையா இருந்தது."

"அவ வரட்டி வச்சுதானே அடுப்பு பத்த வைக்கிறா? அது இளசுதானே?"

"அது மூணு மணிக்கு. அந்த மேடு சின்னது, இதோ. இந்தப் பெருசு செப்டம்பர்ல அஞ்சே முக்காலுக்கு வந்துச்சு. நகந்து நகந்து இப்ப அஞ்சுக்கு வருது. யாரோ கடிகாரம் பாக்காம சூரியனைப் பாத்து எரிக்கிறாங்க. பாய் ஃபோட்டா அன்னிக்கு மட்டும் மேடே இல்ல."

அக்கா தங்கைகள் பொட்டு வைக்கும் அந்தப் பாய் ஃபோட்டா அன்று நிபாரண் ஊரில் இல்லை. நைஹாட்டியில் அக்காவின் கையால் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு ஆறு சந்தேஷ் இனிப்புகளைத் தின்றுகொண்டிருந்தார். அன்று மாலை வீட்டில் சாம்பிராணி மூட்ட ஆளில்லை.

கிளப் செயலாளர் பிரணப் கொட்டாவி விட்டார். "எப்படியும் புகை புகைதான். அடுப்பை எடுத்துடலாம்னு எழுதிடவா?"

பாருல் முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எழுதாத" என்றார் நிபாரண். "அது நான்தான்."

"என்னது?"

"சாம்பிராணி. பெட்டிக்கும் காட்டினேன்."

தனிமா தலையில் கை வைத்தாள். "புகையை அளக்கிற மிஷினுக்கா? ரெண்டு மாசமாவா?"

"விஸ்வகர்மா அன்னிக்கு மிஷினைப் பட்டினி போடுவாங்களா? அப்புறம் பழகிடுச்சு." பிறகு, "அந்தப் படத்துக் கரியும் என்னுதுதான்" என்றார்.

முதலில் சிரித்தது பாருல்தான். அப்புறம் சிரிக்காதவர் யாருமில்லை. பிரணப் மனுவை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கேரம் பலகையின் காலுக்கடியில் செருகினார்.

"அடுப்பு சுத்தம்னு நான் சொல்லலை" என்றாள் தனிமா. "ஆனா இந்த மேடு அவங்களுது இல்ல."

மறுநாள் அந்தியில் அவர் தூபக்காலைத் தொடவில்லை. விளக்கும் போடாமல் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் காலடி கேட்டது. பாருல் ஒரு கையில் பொரியும் பேகுனியும், மறு கையில் இடுக்கியுமாக நின்றாள். இடுக்கியில் கனிந்த கரித்துண்டு ஒன்று.

"என்ன காக்கு, வீட்டுக்கு வீடு அந்திச் சங்கு ஊதி இவ்வளவு நேரமாச்சு, வாசனையே வரல! இருக்கீங்களா போயிட்டீங்களான்னு பாக்க வந்தேன்."

"அந்தப் பெட்டிக்காரப் பொண்ணு திட்டும்."

"மொட்டைமாடிக்குப் போனாத்தான் திட்டும். படத்துல இருக்கிற காக்கிமாவுக்கு ஒரு சிட்டிகை போட்டா என்ன? எங்க அந்தச் சட்டி?"

அவர் தூபக்காலை நீட்டினார். அவள் தன் அடுப்புக் கனலை அதில் இட்டாள். அவர் நாரைப் பிய்த்துப் போட்டு, ஒரு சிட்டிகை தூவினார்.

"கிழடும் இளசும் கலந்தாச்சு. இப்ப அந்தப் பெட்டி இதுக்கு என்ன வயசு சொல்லும்?" என்றாள் பாருல்.

நிபாரண் இருமினார். படத்தைப் பார்த்து இன்னொரு தடவை இருமினார்.

மறுநாள் நாலு மணிக்குத் துணியில் கொஞ்சம் கருப்பு ஒட்டியது. வராந்தாவுக்கு வந்தவர் துணியை உதறாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு உதறலையா காக்கு? பேகுனியில உப்பு கம்மியாம்!"