பப்பாளிக்காயும் மூன்று அட்டைகளும்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரி ரவுண்டானாவில் ‘கருவைக் கலைக்காதீர்’ என்று அட்டை பிடித்து நிற்பது எங்கள் மாதா கோயில் குழுவின் வேலை. நான், சுஜாதா, தலைவர் செபாஸ்டின், அவ்வளவுதான் குழு. டூரிஸ்ட்டுகள் எங்களிடம் படகுத்துறைக்கு வழி கேட்பார்கள். செபாஸ்டின் வழியும் சொல்லி நோட்டீசும் கொடுப்பார். ஒரு தாத்தா அதில் சுண்டல் மடித்துக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பக்கத்துச் சந்தையில் கீர்த்தனா பப்பாளிக்காய் வாங்குவதைச் சுஜாதா பார்த்துவிட்டாள். கீர்த்தனா ஓட்டல் சமையற்கட்டில் வேலை செய்கிறவள்.

“அக்கா, நேத்து பஸ்ஸுல வாந்தி எடுத்தாளுங்க. இன்னிக்குப் பப்பாளிக்காய்!”

மலை பஸ்ஸில் யார்தான் வாந்தி எடுக்கவில்லை? ஆனால் பப்பாளிக்காய் தின்றால் கரு கலையும் என்பார்களே! அட்டையோடு ஓடினோம்.

“கண்ணு, அதைக் கீழ வெச்சிரு! வகுத்துல இருக்கறதும் ஒரு உசுரு!” என்று கத்தினார் செபாஸ்டின்.

“ஏனுங்க, இது பிரியாணிக்குங்க. கிடாக்கறி வேகோணுமில்ல?”

சந்தையே சிரித்தது. கீர்த்தனா சிரிக்கவில்லை. கறிப் பையோடு பின்னால் நின்றிருந்தார் ஓட்டல் முதலாளி பிரகாஷ்.

“எத்தன மாசம்?”

“மூணுங்க.”

“நாளைல இருந்து வராத. அடுப்படில வழுக்கி உழுந்தா ஆரு பதில் சொல்றது?”

அவர் போனதும் கீர்த்தனா எங்கள் பக்கம் திரும்பினாள்.

“நான் பெத்துக்கத்தான் போறேன். நீங்க காப்பாத்த வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். வேலை போயிருச்சே, இப்ப அதைக் காப்பாத்துங்க பார்க்கலாம்!”

“இது நம்ம நோட்டீசுல இல்லீங்களே அக்கா,” என்று முனகினார் செபாஸ்டின்.

“சேத்திக்கலாம், வாங்க,” என்றேன்.

மறுநாள் மத்தியானம் ஓட்டல் வாசலில் அதே அட்டைகளோடு நின்றோம். சாப்பிட வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், ஓட்டலை ஒரு மாதிரி பார்த்தார்கள், எதிர்க்கடைக்குப் போனார்கள். பிரகாஷ் ஓடி வந்தார்.

“ஏனுங்கக்கா, நானா கலைக்கச் சொன்னேன்?”

“கீர்த்தனாவ உக்கார வெச்சு வேலை வாங்குங்க. போயிர்றோம்.”

“செரி, வரச் சொல்லுங்க. பிரசவத்துக்குப் போனா வெங்காயம் ஆரு அரியறது?”

“நாங்க அரியறோமுங்க,” என்றார் செபாஸ்டின். தலைவராயிற்றே, யாரையும் கேட்கவில்லை.

இப்போதிருந்தே பழகச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. கீர்த்தனா ஸ்டூலில் உட்கார்ந்து மேய்க்கிறாள்.

“செபாஸ்டினண்ணா, இது சாம்பாருக்கு அரிஞ்சாப்ல இருக்குது. பிரியாணிக்கு நொம்பச் சன்னமா அரியோணுஞ் சாமி!”